கேட்டைக்கு நாற்பது வினாடி

ஊற்றியதும் சீறியது. சீறத்தான் செய்யும். நாலு மாதம் மழைக்காக மூடிக் கிடந்த கேமரா அது. அதன் வாயில் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றினால் வேறென்ன செய்யும். காலையில் இரண்டு தடவை ஊற்றியாகிவிட்டது, இது மூன்றாவது, இன்னும் அடங்கவில்லை. தமயந்தி ஸ்டூல் மேல் நின்றபடி தோல் கையுறையோடு எஃகு டம்ளரைச் சாய்த்தாள், அரை டம்ளர், நிறுத்து, சீறல் அடங்கட்டும், மறுபடி அரை டம்ளர். அவசரப்பட்டால் அப்படியே எகிறி முகத்துக்கு வரும். இந்த வேலையை ஒன்பது வருஷமாகச் செய்கிறாள், ஒரு நாளும் முகத்துக்கு வந்ததில்லை. தலைக்கு மேலே தொலைநோக்கி பெரிய மாட்டின் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, அதன் அடியில் கேமரா, அதன் வாயில் புனல், புனலைச் சுற்றி வெள்ளைப் புகை வழிந்து ஸ்டூலின் காலைத் தொட்டுத் தரையில் பரவியது. கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது விடுவார்களே, அதே புகை. தினம் அரைமணி நேரம் அந்தப் புகையில் நிற்கிறோம், பக்கத்தில் ஆள்தான் இல்லை என்று முன்பெல்லாம் தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. ஐந்து மணிக்கு ஆராய்ச்சிக்காரர் கிளமென்ட் சார் தன் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். தூசி மூடிய ஒரு நட்சத்திரக் கொத்துக்குள் யாரும் இதுவரை பார்க்காத ஒரு ராட்சச நட்சத்திரம், எண்பது சூரியன் எடை, நெடுங்கரடு மலைத் தொலைநோக்கியில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி ஒரு நட்சத்திரமே இல்லை. அது இல்லை என்பது உலகத்தில் தமயந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். நேற்று சாயங்காலத்திலிருந்து தெரியும்.

நேற்று வரைக்கும் தெரியாமல்தானே இருந்தது, அப்படியே இருந்திருக்கக் கூடாதா. கிளமென்ட் சார் கட்டுரைப் படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டி, "வாம்மா, வந்து உன் நட்சத்திரத்தப் பாரு" என்றார். உன் நட்சத்திரம் என்று ஏன் சொன்னார், வேறு வார்த்தையா கிடைக்கவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தையும் காட்டினார். நன்றி என்று போட்டு, மே மாதம் தொலைநோக்கியை இயக்கிய எஸ். தமயந்திக்கு என்று ஒரு வரி. ஒன்பது வருஷத்தில் எத்தனை பேர் வந்து எத்தனை படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், ஒருத்தர் அவள் பெயரை எழுதியதில்லை, தொழில்நுட்ப உதவியாளர்கள் என்று மொத்தமாகப் போடுவார்கள், மூட்டை தூக்குகிற ஆட்களைச் சொல்வதுபோல. அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பலாம் என்று போனை எடுத்தாள். எடுத்தபோதுதான் பெரிய படத்தைக் கவனித்தாள். சிவப்பு வட்டம் போட்டிருந்த இடம் இடது கீழ் மூலை. கொத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில். அந்த மூலையை அவளுக்குத் தெரியும். கேமராவுக்குள் படம் விழுகிற சில்லின் நடுவிலே கொஞ்சம் செத்த புள்ளிகள் உண்டு, அதனால் சோதனைக்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தால் அவள் கை தானாக இடது கீழ் மூலைக்குத்தான் கொண்டுபோகும். அது அவள் பழக்கம். வேறு யாருக்கும் இல்லாத பழக்கம். வட்டத்துக்குள் இருந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தபடி நின்றாள், போன் திரை தானாக அணைந்தது. "என்னம்மா, பேச்சே காணும்?" என்றார் கிளமென்ட். நல்லா இருக்கு சார் என்றாள்.

அரை டம்ளர். நிறுத்து. சீறல். யோசித்துப் பார்த்தால் தப்பு எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். கேமராவில் மூன்று வடிகட்டி, ஜே, ஹெச், கே. கே வழியாக வருகிற ஒளி ஏறக்குறைய வெப்பம் மாதிரி, தூசிக்குள் புகுந்து வந்துவிடும். ஹெச் கொஞ்சம் திணறும். ஜே தூசியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு நட்சத்திரம் கே படத்தில் பளிச்சென்றும் ஹெச்சில் மங்கலாகவும் ஜேயில் இல்லாமலும் இருந்தால், தூசிக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது என்று அர்த்தம், தூசி தின்ற ஒளியைக் கணக்குப் போட்டுத் திருப்பிச் சேர்த்தால் அது ராட்சசன். இது தமயந்திக்கே தெரியும், அவள் படித்தது டிப்ளமோ, இதைப் பாதி ராத்திரிகளில் காதில் விழுந்தே படித்துக்கொண்டாள். எப்போதும் ஜேயில் ஆரம்பித்து கேயில் முடிப்பார்கள். மே மாதம் அந்தக் கொத்தை எடுத்த ராத்திரி மட்டும் தலைகீழ். கே முதலில். ஏனென்றால் மேகம் வந்துகொண்டிருந்தது, முக்கியமான கேயாவது கிடைக்கட்டும் என்று. கே முதலில், பத்து நிமிஷம் கழித்து ஹெச், அதற்கும் பத்து நிமிஷம் கழித்து ஜே. ரொம்பப் பிரகாசமான எதையாவது கேமரா பார்த்துவிட்டால் அது லேசில் மறக்காது, பல்பை முறைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே நிற்குமே, அந்த மாதிரி அதே இடத்தில் ஒரு பேய்ப்புள்ளி நிற்கும், நின்று நின்று அரைமணி நேரத்தில் கரையும். முதல் படத்தில் பளிச், இரண்டாவதில் மங்கல், மூன்றாவதில் இல்லை. தூசி செய்கிற வேலையை அப்படியே பேய் செய்திருக்கிறது. எண்பது சூரியன் எடை. ஒரு குண்டுமணி எடைகூடக் கிடையாது.

ஸ்டூலுக்குப் பக்கத்து மேஜையில் போன் அதிர்ந்தது. அம்மா. கையுறையோடு எடுக்க முடியாது, விட்டால் ஏழு தடவை அடிப்பாள், இறங்கி முகக் கவசத்தைத் தூக்கி மூக்கால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். மூக்கால் போன் எடுக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள். "கண்ணு, வேலையா இருக்கியா?" "ஊத்திட்டு இருக்கேம்மா, சொல்லு." "ஒண்ணுமில்ல. ஆத்தூர் பக்கம் ஒரு இடம் வந்திருக்கு. தரகர் சொல்லிப்போட்டாரு, இவங்களுக்குக் கேட்டைன்னாலும் பரவாயில்லையாம்." "ஏன், அண்ணன் இல்லாத பையனா?" "இருந்தாரு. போன வருஷம் பைக்குல அடிபட்டுப் போயிட்டாரு கண்ணு. அதனால இப்ப ஒண்ணும் தோஷமில்லை." அம்மா அதைச் சொன்ன தோரணையில் துக்கமே இல்லை, வீட்டில் குழாய்த் தண்ணி வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். தமயந்தி ஸ்டூலில் ஏறி அரை டம்ளர் ஊற்றினாள். "அம்மா, எனக்குக் கல்யாணம் ஆவணும்னு ஒரு வீட்ல ஆள் சாவணுமா?" "நீ இப்படிப் பேசிப் பேசித்தான் இருபத்தொன்பது ஆச்சு. என்ன சத்தம் அது, பாம்பு மாதிரி?" "நைட்ரஜன்." "சரி, ஞாயித்துக்கெழமை வந்து சேரு," என்று வைத்துவிட்டாள். கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது. யார் சொன்னது, எதில் எழுதியிருக்கிறது, கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த முதல் பையனுக்கு இரண்டு அண்ணன். இரண்டாவது பையனின் அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான், அவ்வளவு தூரம் எட்டுமா என்று ஜோசியரிடம் கேட்டுப் பார்த்தார்கள், எட்டும் என்றாராம். மூன்றாவது, நாமக்கல் பையன், அவன் தனியாகப் பேசினான், இதையெல்லாம் நான் பார்க்கிறதில்லைங்க என்றான், இரண்டு மாதம் தினமும் பேசினான், ராத்திரி வேலையில் தூங்காமல் இருக்க உதவியாக இருந்தது. மே இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஆறே காலுக்கு அவன் அண்ணி பேசினாள். தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சுகர் இருக்கு, ரிஸ்க் எடுக்க முடியாதுங்க. சுகர் இருக்கிறதாம். அதற்கும் அவளே பொறுப்பு.

அன்றைக்கு ராத்திரிதான். கிளமென்ட் சாருக்குக் கொத்து மேலே ஏற இன்னும் நேரம் இருந்தது, அவர் கீழே விடுதியில் சாப்பிடப் போயிருந்தார், தொலைநோக்கி சும்மா நின்றது, அவளும் சும்மா இருந்தாள், அதுதான் வினை. அழவில்லை. அழுகை வந்திருந்தால் நாற்பது வினாடி அழுதுவிட்டுப் போயிருப்பாள், ஒரு கேடும் வந்திருக்காது. அவளுக்கு வந்தது கோபம். நீ யார், உன் மூஞ்சியைக் காட்டு என்கிற மாதிரி ஒரு கோபம். கேட்டை, தேளின் நடுவில் சிவப்பாக இருக்கிற நட்சத்திரம், தெற்கே ஏறி நின்றுகொண்டிருந்தது, தினமும் பார்க்கிறாள், ஒருநாளும் கேமராவில் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. கே ஒளியில் வானத்திலேயே கண்ணைப் பறிக்கிற சிலதில் அதுவும் ஒன்று, கேமராவுக்கு ஆகாது என்று சுவரில் ஒட்டிய பட்டியலில் மூன்றாவது வரியில் இருக்கிறது. கேமராவுக்கும் ஆகாது. தொலைநோக்கியைத் திருப்பினாள். கை தானாக இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோயிற்று. சோதனை முறையில், படத்தைச் சேமிக்காமல், திரையில் மட்டும். வெள்ளையாக ஒரு பெரிய வட்டம் வரும் என்று நினைத்தாள். வந்தது வெள்ளை வளையம், நடுவில் கறுப்பு ஓட்டை. தாங்க முடியாத வெளிச்சத்தை இந்தக் கேமரா பூஜ்யம் என்றுதான் எழுதும், அது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்த ஓட்டையைப் பார்த்தபோது உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. இவ்வளவுதானா நீ. உனக்குச் சிங்கப்பூர் வரைக்கும் எட்டுமா. உனக்கு நாமக்கல்லில் ஒருத்தன் சுகரைப் பற்றி என்ன தெரியும். நாற்பது வினாடி பார்த்தாள், அதை எண்ணவில்லை, கேமரா எண்ணியது. பிறகு கிளமென்ட் சாரிடமிருந்து போன். "தமயந்தி, தெக்குல மேகம் ஏறுது, நான் வாரதுக்குள்ள நீ ஆரம்பி, கே முதல்ல எடு, நகத்தி நகத்தி எடுக்க நேரமில்ல, ஒரே எடத்துல வச்சு எடு." பிரகாசமானதைப் பார்த்தால் கேமராவின் கண்ணைக் கட்டிவிட்டு இருபது வெற்றுப் படம் எடுத்துப் பேயைக் கழுவ வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்பதும் விதி, நகர்த்தினால் உண்மை நட்சத்திரம் படத்தில் இடம் மாறும், பேய் அங்கேயே நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு விதியை அவள் மீறினாள், ஒரு விதியை அவர் மீறினார், இரண்டும் சேர்ந்து ஒரு ராட்சசனைப் பெற்றுவிட்டன. மறுநாள் மழை பிடித்தது. மலை மூடப்பட்டது. இப்போது அக்டோபர், அந்தக் கொத்து சாயங்கால வெளிச்சத்திலேயே சாய்ந்துவிடுகிறது, மறுபடி எடுத்துப் பார்க்க மார்ச் ஆகும்.

அரை டம்ளர். நிறுத்து. சொல்லாவிட்டால் என்ன. மார்ச்சில் யாராவது இன்னொரு மலையிலிருந்து பார்ப்பார்கள், இல்லை என்பார்கள், அப்போது கிளமென்ட் சார் ஜெர்மனியில் இருப்பார், அங்கே அவர் வேலைக்கு அடுத்த மாதம் பேட்டி, இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் பேட்டி. ஆறு வருஷமாக இந்த மலைக்கு வருகிறார். முதல் வருஷம் வந்தபோது தலை நிறைய முடி. அவருடைய பேராசிரியர் பெங்களூரிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும், கிளமென்ட், உம்மிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பார், இவர் தலையைக் குனிந்துகொள்வார், தமயந்தியே பக்கத்து மேஜையிலிருந்து கேட்டிருக்கிறாள். நல்ல மனுஷர். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஜாதகம் என்றால் என்னவென்றே தெரியாது. முன்பு ஒருநாள் இந்தக் கேட்டைக் கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அறுநூறு ஒளியாண்டு தூரத்துல இருக்கு, அது அவனுக்க அண்ணன என்னத்தச் செய்யும், சவம்." அவளுக்காக அப்படிச் சிரித்த ஒரே ஆள். கேட்டையும் பெரிய நட்சத்திரம்தான் என்றும் அன்றைக்குச் சொன்னார், பெருசாப் பொறந்தது எல்லாம் சீக்கிரம் சாகும், சிலது மேல உள்ள தூசி விலகுறதுக்குள்ளயே செத்துரும், யாருமே பாத்திருக்க மாட்டாங்க. ஒருவேளை அது பேய் இல்லையோ. ஒருவேளை தற்செயலாக அதே மூலையில் உண்மையாகவே ஒன்று இருக்கிறதோ. லட்சம் புள்ளியில் அதே புள்ளியில். இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது. நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் சொல்லிச் சொல்லித் தூங்கப் பார்த்தாள். சேமிக்காத படம், பதிவு நோட்டில் எழுதாத நாற்பது வினாடி. அவள் செத்தால் கூடவே போய்விடும். சொன்னால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போது வேலை போகும் என்றோ திட்டுவார் என்றோ பயம் வரவில்லை. வேறு ஒரு பயம். அவர் ஏன் கேட்டையைப் பார்த்தாய் என்று கேட்பார். அதற்கு அப்புறம் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை மூன்று வீட்டில் கேட்டாயிற்று. இவர் வாயிலிருந்து மட்டும் வந்துவிடக் கூடாது. வராது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வராது என்றால் ஏன் இன்னும் சொல்லாமல் நிற்கிறாள்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம். கிளமென்ட் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு வந்தார், சட்டைப் பையில் தேங்காய் பன் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. "உனக்குத்தான், நாயர் கடையில கடைசி பன்னு. எவ்வளவு எறங்கிருக்கு?" "மைனஸ் நூத்தி அறுபது சார்." "ராத்திரிக்குள்ள வந்துரும். நான் அஞ்சு மணிக்கு அனுப்புதேன், எங்க அம்மைக்குக் கூடச் சொல்லிட்டேன்." டீயை மேஜையில் வைத்தார். அவள் டம்ளரைச் சாய்த்தபடியே, அவரைப் பார்க்காமல், சொன்னாள். முகக் கவசத்துக்குள்ளிருந்து அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. அந்தப் புள்ளி பேய் சார். நான் அதுக்கு முன்னாடி கேட்டையைப் பிடிச்சேன். நாப்பது வினாடி. வெத்துப் படம் எடுக்கலை. அதே மூலை. கே முதல்ல எடுத்ததால ஜேயில காணாமப் போயிருச்சு. சொல்லி முடித்தபோது புனலில் சீறல் அடங்கியிருந்தது, எனவே அடுத்த அரை டம்ளர் ஊற்றினாள். ஹெச்சுல வெளிச்சம் ஒன்பதுல ஒரு பங்கு, என்று கிளமென்ட் தனக்குள் ஏதோ கணக்குப் போட்டார், உதடு அசைந்தது, பிறகு அசையவில்லை. கணக்கு வந்துவிட்டது. "நோட்டுல இல்லையே," என்றார். "எழுதலை சார்." "படமும் இல்ல." "இல்ல." "அப்ப யாருக்குத் தெரியும்?" அவர் டீ டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். "மார்ச் வரைக்கும் ஒருத்தனும் பாக்க முடியாது தமயந்தி. நீ ஒண்ணும் பாக்கல. நான் ஒண்ணும் கேக்கல." அவர் குரல் கெஞ்சியது, அதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "எனக்குத் தெரியுமே சார்," என்றாள். "எதுக்குப் பாத்த? அத்தன நட்சத்திரம் கெடக்கு. எதுக்கு அதப் போயிப் பாத்த?" அவருக்குத் தெரியும், கதை முழுக்கத் தெரியும், அவர் முகத்தில் அது தெரிந்துகொண்டே வருவதை அவள் கவசம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நீரில் எதையோ போட்டால் அடியிலிருந்து மேலே வருமே, அப்படி. வேண்டாம் சார், அதை மட்டும் சொல்லாதீங்க என்று நினைத்தாள், நினைத்தது வாய்க்கு வரவில்லை. கிளமென்ட் லேசாகச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இல்லை இது, வாயோரத்தில் மட்டும். "அந்த வீட்டுக்காரங்க சொன்னது சரிதான் போல," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பன் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். இரும்புப் படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது.

தமயந்தி அடுத்த அரை டம்ளர் ஊற்றினாள். அதற்கு அடுத்ததையும். பாதியில் விட்டால் காலையிலிருந்து ஊற்றியதெல்லாம் வீண், கேமரா அதன் பாட்டுக்குச் சூடாகிவிடும், அதற்கு மனுஷர் பேச்செல்லாம் தெரியாது. எதிர்பார்த்த வாக்கியம் வந்துவிட்டால் ஒரு வசதி, இனி வராது. நெஞ்சுக்குள் ஏதாவது உடையும் என்று நினைத்திருந்தாள், உடையவில்லை, சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அவர் இப்போது கீழே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். அனுப்புவாரா. அனுப்பலாம். ஆறு வருஷம், அம்மையிடம் சொல்லியாயிற்று. நாலு பத்துக்குப் புனலின் பக்கத்துக் குழாயிலிருந்து திரவம் துளித்துளியாக எட்டிக் குதித்தது, நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மூடியைத் திருகினாள். கையுறையைக் கழற்றினாள், விரலெல்லாம் வெளுத்திருந்தது. டீயையும் பன்னையும் எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள், அங்கே போன பருவத்துப் பதிவு நோட்டு மேஜை மேலேயே இருந்தது, நாலரைக்கு அதை ஸ்கேன் செய்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், மலை திறந்த முதல் நாள் வேலை. மே இருபத்தாறைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான், அடக்கமாக, கோடு போட்டதுபோல. பத்து நாற்பதுக்கும் பத்து ஐம்பத்தைந்துக்கும் நடுவில் ஒரு வரி இடம் இருந்தது, அன்றைக்கே விட்டிருக்கிறாள், ஏன் விட்டாள் என்று இப்போது நினைவில்லை. பேனாவை எடுத்து எழுதினாள். பத்து நாற்பத்தாறு. கேட்டை. கே வடிகட்டி, நாற்பது வினாடி, சேமிக்கவில்லை, பேய் கழுவவில்லை. ஓரத்தில் இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதன் தலையில் பார்த்ததற்குக் காரணம் என்று அச்சடித்திருக்கும், ஒன்பது வருஷமாக அதில் சோதனை, சோதனை என்று எழுதி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது. கை சோ என்று ஆரம்பித்தது. அடித்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டது, பன்னை யாரும் பிரிக்கவில்லை, கீழே விசைப்பலகைச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்தாள், கேட்கவில்லை. பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதினாள்: என் நட்சத்திரம் என்று எல்லாரும் சொன்னார்கள், ஒரு தடவை நானே பார்க்க வேண்டும் போலிருந்தது. மை காய்வதற்காக ஊதினாள். ஸ்கேனரின் மூடியைத் திறந்து நோட்டைக் குப்புறக் கவிழ்த்தாள்.